மூன்று தலைமுறைக்கு அப்பால்

ஸ்ரீ:

ஸந்நிதியில் அர்ச்சனைக்கு வருகிறவர்களிடம் கோத்ரம், திருநக்ஷத்ரம், திருநாமம் ஆகிய மூன்றையும் கேட்பது வழக்கம். இந்நாளில் அக்கேள்வி எழுந்தவுடன் பலர் கைப்பேசியை எடுத்து ஊரிலுள்ள அன்னையை அழைக்கிறார்கள். சிலருக்குக் கேட்பதற்கு அன்னையும் இல்லை. “ஸ்வாமி, தாங்களே ஏதாவது சொல்லிச் செய்துவிடுங்கள்” என்கிறார்கள். கோத்ரம் அறியாதார்க்குக் காச்யப கோத்ரம் என்று பெரியோர் வகுத்து வைத்திருப்பதால் அர்ச்சனை தடையின்றி நடந்தேறுகிறது. ஆனால் அவ்வேற்பாடு கர்மாவை நிறைவேற்றுமேயன்றி, மறந்துபோன பாட்டனாரை மீட்டுத் தராது.

நம் மறைமலை நகர், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தால் துணை நகரமாக அமைக்கப்பட்டது. இங்கும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்பூதூரிலும் தொழிற்சாலைகள் பெருகவே, பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. தந்தை ஓர் ஊரில் பிறந்தார். மகன் வேறோர் ஊரில் படித்தான். பேரன் இங்கே பிறந்து வளர்கிறான். அவனுக்குச் சொந்த ஊர் என்பது விடுமுறையில் இரண்டு நாள் சென்று வரும் இடம். ஆற்றங்கரையும் அக்ரஹாரமும் தெருவும் கண்முன் இருந்த காலத்தில், அவையே குலத்தின் கதையை நாள்தோறும் நினைவூட்டின. இடம் பெயர்ந்தபின் அந்த வேலையை நாமே செய்தாக வேண்டும்.

இந்நகருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் (1876–1950) சைவப் பேரறிஞர். நம் ஸம்ப்ரதாயத்தவர் அல்லர். ஆயினும் ஒரு விஷயத்தில் அவரிடம் நாம் பாடம் கேட்கலாம். அவர் 1898ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் நாட்குறிப்பு எழுதி வந்தார். அந்தக் குறிப்புகள், அவரது வாழ்வையும் காலத்தையும் ஆராய்வோர்க்கு இன்றும் பயன்படுகின்றன. அன்றன்று எழுதிய சில வரிகள், எழுதியவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் பேசுகின்றன.

‘நாங்கள்தாம் தர்ப்பணம் செய்கிறோமே, முன்னோர் பெயர் அதில் நிலைபெற்றிருக்கிறதே’ என்று சிலர் கூறுவர். அதைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். தர்ப்பணத்தில் பிதா, பிதாமஹர், ப்ரபிதாமஹர் என மூன்று தலைமுறையினர் வஸு, ருத்ர, ஆதித்ய ரூபமாக நினைக்கப்படுகின்றனர். ஒருவருடைய தந்தை பரமபதித்து அவ்வரிசையில் சேரும்போது, அதுவரை மூன்றாம் இடத்திலிருந்த மூதாதையர் பெயர் நாவினின்றும் நீங்கிவிடுகிறது. புதிய பெயரை ஏற்கும் துக்கத்தில் பழைய பெயர் விடைபெறுவதை எவரும் கவனிப்பதில்லை. எனவே தர்ப்பணம் மூன்று தலைமுறையைக் காக்கும்; அதற்கு அப்பால் காப்பது எழுத்தின் கடமை. மேலும், தர்ப்பணம் பெயரைச் சொல்லுமேயன்றி, அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்லாது.

நம் ஸம்ப்ரதாயமே மறதியிலிருந்து மீண்டு வந்ததுதான். திவ்யப்ரபந்தம் வழக்கிழந்திருந்த காலத்தில், திருக்குடந்தைப் பெருமான் விஷயமான பத்துப் பாசுரங்களைச் சிலர் ஸேவிக்க, ஸ்ரீமந் நாதமுனிகள் செவியுற்றார். அவை ஓராயிரத்துள் பத்து என்று அப்பாசுரமே தெரிவித்தது. எஞ்சியவை எங்கே என்று அவர் கேட்டார். வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவர் அத்துடன் விட்டுவிடாமல் திருக்குருகூர் வரை சென்று, மதுரகவிகளின் வழிவந்த பராங்குசதாஸரை அணுகி, கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை அநுஸந்தித்து, நாலாயிரத்தையும் பெற்றார் என்று குருபரம்பரை கூறும். பத்துப் பாட்டோடு மனநிறைவு கொண்டிருந்தால் நமக்கு நாலாயிரம் இல்லை. நம் வீட்டிலும் பெரியவர்கள் அவ்வப்போது சொல்லும் ஒன்றிரண்டு செய்திகள் அந்தப் பத்துப் பாட்டைப் போன்றவை. மீதி எங்கே என்று கேட்பார் வேண்டும்.

யாரிடம் கேட்பது? கற்றவரிடமும் செல்வரிடமும் மட்டும் என்று எண்ணலாகாது. 1323ஆம் ஆண்டு ஸ்ரீரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, பிள்ளைலோகாசார்யர் முதலானோர் உத்ஸவ மூர்த்தியைக் காக்க வெளியே எழுந்தருளப் பண்ணினர். பல ஊர்களில் தங்கி, 1371ஆம் ஆண்டில் கோபணார்யர் முயற்சியால் எம்பெருமான் மீண்டும் கோயிலுக்கு எழுந்தருளினார். இடையே 48 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அதற்குள் வேறொரு திருமேனியும் அங்கே எழுந்தருளியிருந்தமையால், முன்பிருந்தவர் எவர் என்ற ஐயம் எழுந்தது. அறிந்தவர்கள் எல்லாரும் மறைந்திருந்தனர். அப்போது, பெருமாளின் திருப்பரிவட்டங்களை முற்காலத்தில் வெளுத்து வந்த ஈரங்கொல்லி ஒருவர், கண்பார்வை இழந்த முதியவர், முன்வந்தார். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் நடந்தபின், அவர் ஈரவாடைத் தீர்த்தத்தை உட்கொண்டு, முன்பிருந்தவர் இன்னார் என்று அறிந்து, ‘நம்பெருமாள்’ என்று கூறினார் என்பது ஐதிஹ்யம். அத்திருநாமமே இன்றளவும் வழங்கி வருகிறது.

ஒரு திவ்யதேசத்தின் உண்மை, கண்ணில்லாத ஒரு முதியவரின் நினைவில் தங்கியிருந்தது. அவர் இன்னும் சில ஆண்டுகள் முன்னதாக மறைந்திருந்தால் யாரைக் கேட்டிருப்பார்கள்? நம் இல்லத்திலும் அத்தகையவர் ஒருவர் உண்டு. சமையலறையிலேயே காலம் கழித்த பாட்டியாக இருக்கலாம். மணமாகாமலோ மங்கலம் இழந்தோ பிறந்த வீட்டில் இருந்துவிட்ட அத்தையாக இருக்கலாம். குடும்பத்தின் நிலத்தை உழுதவராக இருக்கலாம். அவர்களை முதலில் கேளுங்கள்.

கேட்டதை அன்றே எழுத வேண்டும். நம்பிள்ளை பகலில் அருளிச்செய்த திருவாய்மொழிப் பொருளை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதி வைத்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படியாக நமக்குக் கிடைத்தது. எழுதியதற்குப் படியும் எடுக்க வேண்டும். நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்க நம்பிள்ளையிடம் கொடுக்க, அவர் காவிரியைக் கடக்கும்போது வெள்ளம் ஓலைகளைக் கொண்டுபோயிற்று. நம்பிள்ளை அனைத்தையும் நினைவிலிருந்தே மீண்டும் எழுதினார். நமக்கு அந்த மேதை இல்லை. ஆகையால் ஒரு படி நம்மிடமும், ஒரு படி உடன்பிறந்தார் இல்லத்திலும், ஒரு படி வேற்றூரிலும் இருத்தல் நலம். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்வதும் நன்றே. பெரியவர்களின் குரல் எழுத்தில் வாராது. ஆனால் கைப்பேசி பழுதானால் அதுவும் காவிரியில் போன ஓலைதான்.

எழுதும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஆண்டு. பழைய ஜாதகங்களில் ‘ஆனந்த வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அப்பெயர் திரும்ப வருமாதலால் அது 1914ஆ, 1974ஆ என்று பேரனுக்கு விளங்காது. ஆங்கில ஆண்டையும் சேர்த்தெழுதுக. இரண்டாவது, பெண்கள் பெயர். தாயின் தாய், அவருடைய தாய் ஆகியோர் பெயரும் பிறந்த ஊரும் விரைவில் மறைகின்றன. அவற்றை முதலில் எழுதுக. மூன்றாவது, புகைப்படங்கள். அவற்றின் பின்புறம் மென்மையான பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர்களைக் குறிக்கவும். நான்காவது, உண்மை. கடன்பட்டதும் நிலம் போனதும் பசித்திருந்ததும் இழிவல்ல. பெருமையை மட்டும் எழுதினால், துன்பம் வரும்போது பேரனுக்கு அந்நூல் துணை நில்லாது.

இவ்வளவும் எழுதும் அடியேன் இதில் தவறியவன் என்பதை மறைக்கலாகாது. தமப்பனாரின் தகரப்பெட்டியில் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. அதில் எழுவர் உள்ளனர். நால்வரை அடியேன் அறிவேன். ஓரத்தில் குடை பிடித்து நிற்கும் சிறுவன் உள்ளிட்ட மற்ற மூவரையும் அறிந்தவர் அத்தை ஒருவரே. “வந்து உட்கார், சொல்கிறேன்” என்று அவர் இருமுறை அழைத்தார். உத்ஸவம் முடியட்டும் என்றேன். அவ்வாண்டு உத்ஸவம் முடிந்து ஊருக்குச் சென்றபோது அவர் திருநாடு எய்திப் பத்து நாட்கள் ஆகியிருந்தன. இன்றும் அந்தச் சிறுவன் குடையுடன் நிற்கிறான். அடியேனுக்கு அவன் பாட்டனாரின் தம்பியா, இளமையில் மறைந்த பெரியப்பாவா என்று தெரியாது. எள்ளும் நீரும் இறைக்கும் கை, அவன் பெயரைச் சொல்ல இயலாமல் தயங்குகிறது.

இவ்வுத்ஸவத்திற்காகப் பல இல்லங்களில் முதியோர் வந்து தங்கியிருப்பர். புறப்பாடு கண்டு திரும்பிய பிறகு, ஒரு குறிப்பேட்டுடன் அவர்கள் அருகில் அமருங்கள். குழந்தைகளையும் உடன் அமர்த்துங்கள். உத்ஸவம் முடியட்டும் என்று மட்டும் இராதீர்கள்.