முதல் பெட்டியில் நிற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ரயில்வேயில் சேர்ந்தும் கொடி பிடிக்கிற வேலைதானா என்று நீ சலித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். மற்ற ரயில்களில் பெட்டிக்கு ஒரு ஆள் நின்று கையால் பிரேக் பிடித்த காலம் எப்போதோ போய்விட்டது. மேட்டுப்பாளையம் குன்னூர் பாதையில் அது இன்னும் நடக்கிறதென்றால், யாரும் அழகுக்காக வைத்திருக்கவில்லை. 1899-ல் அந்தப் பாதை திறந்தபோது மலை எவ்வளவு செங்குத்தாக இருந்ததோ, இன்றைக்கும் அவ்வளவுதான். ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம்.

கல்லாறு தாண்டியதும் எஞ்சினின் பல் சக்கரம் நடுத் தண்டவாளத்தின் பல்லைக் கவ்விக்கொள்ளும். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். அதனால் ஏறும்போது டிரைவருக்குப் பாதை தெரியாது, பெட்டிகளின் முதுகுதான் தெரியும். முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் நீ காட்டும் கொடியை அடுத்த பெட்டிக்காரர் பார்த்துக் காட்ட, அது பெட்டி பெட்டியாகக் கீழே போகும். அதை நம்பித்தான் டிரைவர் நீராவியைத் திறக்கிறார். வண்டியை ஓட்டுவது அவர், பாதையைப் பார்ப்பது நீ. இதைக் கொடி பிடிக்கிற வேலை என்று சொன்னவன் ஒருநாள் அங்கே நின்று பார்க்கட்டும்.

எதைப் பார்ப்பது? பெரிய பாறை விழுந்து கிடந்தால் குழந்தைக்கும் தெரியும். நீ தேட வேண்டியது பல் தண்டவாளத்தின் இடுக்கில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கல்லை. மற்ற பாதையில் சக்கரம் அதை நசுக்கிவிட்டுப் போய்விடும். இங்கே பல்லோடு பல் சேரவிடாமல் செய்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப் பக்கத்துச் சரிவையும் பார். நேற்று தெளிவாக வடிந்த தண்ணீர் இன்று செம்மண்ணாக வந்தால் மேலே ஏதோ அசைகிறது. நேராக நின்ற மரம் பாதைப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அப்படித்தான். கல்லாறு, ஹில்குரோவ் பக்கம் யானை நின்றால் அவசரப்படுத்தாதே. அதற்கு நம் டைம்டேபிள் தெரியாது.

சந்தேகம் வந்தால் சிவப்பு. கொடி கைக்கு எட்டாவிட்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கு. விதிப்புத்தகத்தில் அதுவும் சிவப்புக்குச் சமம். ஒன்றுமில்லாததற்கு நிறுத்திவிட்டாய் என்று திட்டுவார்கள். வாங்கிக்கொள். பச்சையை மட்டும் பழக்கத்தில் காட்டாதே. அடுத்த வளைவு வரை கண்ணால் பார்த்த பிறகு காட்டு.

பாலம் வந்தால் பயணிகள் போன் எடுத்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டுவார்கள். அவர்கள் தலைக்கும் கைக்கும் நடுவே உன் கொடி மறைந்துபோகும். அதட்டாமல், ஆனால் உறுதியாக உள்ளே போகச் சொல். பின்னால் இருப்பவர் திருப்பிக் காட்டினாரா என்று பார்க்காமல் முன்னால் திரும்பாதே.

இறக்கத்தில் பிரேக் தனிக் கலை. சக்கரத்தைப் பிடிப்பதும் பல் சக்கரத்தைப் பிடிப்பதும் வேறு வேறு. எஞ்சின் விசில் கேட்டதும் வெறி பிடித்தவன்போல் முறுக்காதே. கிணற்றில் குடத்தை இறக்கும்போது கயிற்றை விட்டு விட்டுப் பிடிப்போமே, அந்தக் கைதான் வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் சக்கரம் உருளாமல் வழுக்கும். வழுக்கிய இடம் தேய்ந்து தட்டையாகும், அப்புறம் சுற்றுக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே வரும். ஈர இலை கிடக்கும் இடத்தில் இன்னும் கவனம். தீய்ந்த வாடை அடித்தால் நீ மட்டும் மொத்தப் பாரத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். மற்றப் பெட்டிக்காரர்களோடு சேர்ந்து பிடிக்கப் பழகு. வண்டி நின்றதும் அவர்களிடம் கேள், கூச்சப்படாதே.

ஷண்டிங் பற்றி ஒன்றே ஒன்று: பெட்டி முழுசாக நிற்கும்வரை நடுவில் நுழையாதே. யார் அவசரப்படுத்தினாலும் சரி.

கடைசியாகக் கொடி. மழையில் நனைந்தால் கம்போடு சுற்றிக்கொள்ளும், உதறி விரித்து வை. வெயிலில் சிவப்பு வெளுத்துக் காவியாகிவிட்டால் ஸ்டோரில் மாற்றிக் கேள். இருப்பு இல்லை என்று சொன்னால் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பிரேக்ஸ்மேன் ஒருவன்