கட்டற்ற இயங்குதளமும் நம் சங்க அலுவலகமும்

தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களிலுள்ள பழைய கணிப்பொறிகளில், விண்டோஸ் 10 இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை நாம் காண்கிறோம். அதற்கு வழக்கமாக அளிக்கப்பட்டுவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றன. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பைக் கேட்கிறது. அஃதில்லாத பொறிகளை முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக உழைக்கும் பொறியைக் கழித்துக்கட்டிப் புதியது வாங்குவதா? திருத்தமில்லாத பொறியிலேயே அங்கத்தினர்களின் சிக்கனச் சேமிப்புக் கணக்கை வைத்திருப்பதா? இவ்விரண்டும் வேண்டாமெனில் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் உண்டு.

இயங்குதளம் என்பது பொறியின் உறுப்புகளையெல்லாம் வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள். கடிதம் எழுதுவதும் கணக்குப் போடுவதும் அதன்மேல் அமரும் பிற மென்பொருள்களின் வேலை. கட்டற்றது எனப்படுவதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் முதலியவை இவ்வகையின. விலையின்மை இதனால் விளையும் ஒரு நன்மையேயன்றி, அதுவே முழுப் பொருளன்று.

இத்துணை நன்மை இருந்தும் சாதாரண மக்கள் ஏன் இதனை நாடுவதில்லை? எழுத்தர்கள் புதுமைக்கு அஞ்சும் சோம்பேறிகள் என்று கூறும் வல்லுநர்களோடு நமக்கு உடன்பாடில்லை. கூலிப் பட்டுவாடாவுக்கு முதல் நாள் பட்டியலை அச்சிட வேண்டியவர்க்கு, மூல நிரலின் பெருமை என்ன செய்யும்? நேற்று அடித்த கடிதம் திறக்குமா, அச்சுப்பொறி வேலை செய்யுமா என்பவையே அவர் வினாக்கள். அவை நியாயமான வினாக்களே.

இவற்றுக்கு நல்ல விடை கண்டது பிரான்சு நாட்டின் ழாந்தார்மெரி என்னும் காவற்படை. சிற்றூர்களில் காவல் புரியும் பெரும்படை அது. அவர்கள் இயங்குதளத்தை முதலில் தொடவே இல்லை. 2005இல் விண்டோஸ் இருந்தபடியே இருக்க, கடிதமும் கணக்கும் எழுதும் மென்பொருளை மட்டும் ஓப்பன் ஆபிஸுக்கு மாற்றினர். மறு ஆண்டு பயர்பாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்டு அஞ்சல் மென்பொருளும் வந்தன. கைகள் இவற்றில் பழகிய பின்னரே, 2008 முதல், பழைய பொறிகளுக்கு மாற்றாக வந்தவற்றில் உபுண்டுவை அமைத்தனர். அடித்தளம் மாறினும், காவலர் அன்றாடம் திறக்கும் மென்பொருள்கள் அவைகளாகவே இருந்தன! அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவைக் கற்பிப்பதற்கும் பயிற்சி தேவைப்பட்டிருக்கும் என்பதை அவர்கள் கணக்கிட்டிருந்தனர். 2013இல் 37,000 மேசைப் பொறிகள் மாறியிருந்தன. 2024இல் 1 லட்சத்துக்கு மேற்பட்டவை, அதாவது நூற்றுக்கு 97 பங்கு.

செர்மனியின் மூனிக் நகராட்சி கதை வேறு. 2003இல் தீர்மானம் செய்து, 2013க்குள் சுமார் 15,000 பொறிகளை லினக்ஸுக்கு மாற்றிய அந்நகரம், 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அரசியல் மாற்றமும் அதில் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் துறைதோறும் தனித்தனிக் கணிப்பொறிப் பிரிவுகள், துறைதோறும் வெவ்வேறு கடிதப் படிவங்கள், வெளியிலிருந்து வரும் கோப்புகள் சரியாகத் திறவாமை ஆகியவற்றால் ஊழியரிடையே குறைகள் எழுந்தன. குறையை உடனே வந்து தீர்ப்பார் இல்லையெனில், பழி முழுதும் இயங்குதளத்தின் தலையிலேயே விழும்.

நெசவாளர்க்கு இது புதிய பாடமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும் முறை நம் நாட்டில் பரவியபோது, குழித்தறியை எவரும் பெயர்த்தெறியவில்லை. இருந்த தறியிலேயே அப்புதிய அமைப்பைப் பொருத்திக்கொண்டனர். குழியும் மிதியும் பழையன. கையின் வேலை மட்டும் மாறியது.

ஆகவே, நம் சங்கங்களும் விண்டோஸ் இருக்கும்போதே லிப்ரே ஆபிஸைப் போட்டு, ஆறு மாதமேனும் அதிலேயே கடிதங்களை எழுதிப் பழகுதல் நலம். கட்டணமில்லை. இங்கு நமக்கேயுரிய இடர் ஒன்றுண்டு. வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. எனவே முக்கியமான தீர்மானங்களையும் அங்கத்தினர் பட்டியலையும் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையும் உண்டு, பழைய தட்டச்சு முறையும் உண்டு. தட்டச்சு பயின்ற எழுத்தர் விரல்களை மாற்ற வேண்டியதில்லை.

டாலி கணக்கு மென்பொருளோ விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. அதனை நம்பியிருக்கும் சங்கம், கணக்குப் பொறி ஒன்றை மட்டும், விண்டோஸ் 11 ஏற்கும் பொறியாக வைத்துக்கொண்டு ஏனையவற்றை மாற்றலாம். எல்லாம் ஒரே நாளில் மாறியாக வேண்டுமென்பது ஆர்வலர்களின் பிடிவாதமே. மேலும், ஐயம் எழும்போது கேட்பதற்குச் சங்கத்திலேயோ பக்கத்துச் சங்கத்திலேயோ பழகிய ஒருவர் இருக்கவேண்டும். இதற்கு நிர்வாக சபை தீர்மானத்தின்மூலம் ஒருவரை நியமித்து, வேலை நேரத்திலேயே பயிற்சிக்கு இடமளித்தல் முறை.

இறுதியாக, சோதித்துப் பார்க்கும் வகை. உபுண்டுவையோ லினக்ஸ் மின்டையோ பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்கலாம். நிறுவும் கட்டளையைக் கொடாதவரை உள்ளிருக்கும் விண்டோஸும் கோப்புகளும் அப்படியே இருக்கும். ஆயினும் கோப்புகளுக்கு வேறொரு படி எடுத்துவைத்த பின்னரே இதனைத் தொடங்குக. அச்சுப்பொறி, கைரேகைக் கருவி, மின்கையொப்பக் கருவி மூன்றையும் இணைத்து, ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று குறித்துக்கொள்க. கருவி ஒன்று இணங்கவில்லையெனில் அந்தப் பொறியை இப்போதைக்கு விட்டுவிடலாம். பென் டிரைவிலிருந்து ஓடும்போது வேகம் குறைவாகவே இருக்கும். அதனை எழுத்தரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.