பழைய மோட்டார் சைக்கிளும் புதுப் பெட்ரோலும்

கரிசல் வட்டாரச் சங்கங்களுக்குத் தணிக்கைக்குச் செல்லுங்கால், இஞ்சின் வேலைக்கென்று வரும் சிறு கடன் மனுக்களை நாம் காண்கிறோம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளில் நூல் கட்டும் பருத்தி மூட்டையும் சுமக்கும் பழைய புல்லட்டுகள் இன்னும் உள. வண்டி இழுக்கவில்லை, டியூனிங் செய்ய வேண்டும் என்பதே மனுக்களின் சாரம். அது தேவைதானா என்பதை அங்கத்தினர் தாமே பெரும்பாலும் தீர்மானிக்கலாம்.

சென்னையில் 1955-ஆம் ஆண்டு தொடங்கிய என்பீல்டு இந்தியா கம்பெனியின் 346 சி.சி. வார்ப்பிரும்பு இஞ்சினில், கார்புரேட்டர் கலப்பற்ற பெட்ரோலுக்கென அளவிடப்பட்டது. இன்று பங்கில் கிடைப்பதோ நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்தது. 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவிற்று. (மக்காச்சோளமும் எத்தனாலுக்கு மூலப்பொருள், ஆகவே நம் மானாவாரி விவசாயிக்கு இதில் இருபுறமும் அக்கறை உண்டு.) ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். கார்புரேட்டர் இதனை அறியாது. பழைய அளவிலேயே காற்றை விடும். கலவை மெலியும், சூடு ஏறும். உச்சிவெயிலில் பாரத்துடன் நெடுந்தூரம் ஓடினால் பிஸ்டன் இறுகிவிடவுங்கூடும். விதைப்புக் காலத்தில் அவ்வாறு நேரின், நட்டம் வண்டியோடு நிற்பதில்லை.

எனினும் மைலேஜ் குறைந்தது என்ற ஒன்றையே கொண்டு இஞ்சினைப் பிரித்தல் தவறு. எத்தனாலின் எரிதிறன் பெட்ரோலினதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. ஆதலின் முன்பு லிட்டருக்கு 35 கிலோமீட்டர் ஓடிய வண்டி இன்று 33 ஓடுமாயின், அது எரிபொருளின் குணம். டியூனிங் அதனை மீட்டுத் தராது. 28-க்கு இறங்கினால் வேறு காரணம் தேட வேண்டும்.

நம் பகுதியில் முதற்கண் தேட வேண்டிய இடம் காற்று வடிகட்டி. மாசி முதல் ஆனி வரை பறக்கும் கரிசல் புழுதி அதனை அடைத்துவிடும். அப்போது காற்று குறைந்து, கலவை கெட்டியாகி, பிளக்கில் கரி படியும். இங்கொரு சூட்சுமம் உண்டு. அடைபட்ட வடிகட்டி, புதுப் பெட்ரோலின் மெலிவை மறைத்து நிற்கும்; வடிகட்டியைச் சுத்தம் செய்த மறுநாள் வண்டி முன்னிலும் மோசமாக ஓடினால் மெக்கானிக்கைக் குறை கூறுதல் வேண்டா. உண்மை நிலை அப்போதுதான் வெளிப்படுகிறது.

பிறகு பாரத்துடன் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, ஓட்டத்திலேயே கிளட்சைப் பிடித்து இஞ்சினை அணைத்து, ஆறியபின் பிளக்கைக் கழற்றுக. பழுப்பு நிறமாயின் குறையில்லை. சுண்ணாம்பு போல் வெளுத்திருப்பின் மெலிவென ஐயுறலாம். முறுக்கும்போது திணறும் வண்டி, சோக்கைச் சிறிது இழுத்தவுடன் தெளிந்து இழுக்குமாயின் ஐயம் உறுதியாகிறது. மேலும் திணறினால் கலவை கெட்டி.

மெலிவுதான் என்று கண்டபின்னும் ஜெட்டை மாற்ற விரைய வேண்டா. எத்தனால் டாங்கின் பழைய கசடைக் கரைத்துக் கொணர்ந்து ஜெட்டை அடைப்பதுண்டு. பழைய ரப்பர் குழாயும் உப்பும். கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடிச் சீசாவில் வடித்துப் பார்த்தால், தண்ணீர் சேர்ந்திருப்பின் அடியில் தனிப்படலமாய்த் தெரியும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். நீலப்புகை வருமாயின் அது ரிங் அல்லது வால்வு கைடின் தேய்மானம், டியூனிங்கால் தீராது. கடன் மனு அதற்கே பொருந்தும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் பிளக் வெளுத்தே இருந்தால், கார்புரேட்டர் ஊசியை ஒரு காடி உயர்த்துக. உதிரிபாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. போதவில்லையெனின் மெயின் ஜெட்டை ஓர் எண் பெரிதாக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் முன்போலவே ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பிளக்கைப் பார்த்து, பழுப்பு வந்தவுடன் நிறுத்திக் கொள்க.