விட்டுக்கொடுத்த ஒரு சொல்

 

சண்டை வளர்வது பெரும்பாலும் பொருளால் அன்று, சொல்லால். இதை இரண்டு சரித்திரங்களைக் கொண்டு ஆராய்வோம்.

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்பட்டது. "அல்லாஹ்வின் தூதர்" என்ற சொற்களைக் குறைஷியரின் தூதர் சுஹைல் ஏற்கவில்லை. அவற்றை அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே அழித்து, "அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது" என்றே எழுதச் செய்தார்கள். அதனால் அவர்களுடைய தூதுத்துவம் குறைந்ததா? இல்லை. பத்தாண்டுப் போர்நிறுத்தம் கைகூடியது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1948-இல் அவசரகாலம் பிறந்தது. தோட்டப்புறங்களில் அச்சம் சூழ்ந்தது. காட்டுக்குள் உணவு போகாதிருக்க அரிசிக்கு அளவு வைத்தார்கள். கட்டுப்பாட்டுப் பகுதிகளில் டின் உணவைக் கடைக்காரர் துளையிட்டே விற்க வேண்டியிருந்தது. அரசாங்கம் ஒருபுறம், காட்டுப்படை மறுபுறம், நடுவில் கடைக்காரர்!

1955 டிசம்பரில் பாலிங்கில் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் பேசினர். சரணடைவது என்ற நிபந்தனையில் பேச்சு முறிந்தது. அவசரகாலம் 1960-இல் முடிந்தும் காட்டுப்போர் ஓயவில்லை. 1989 டிசம்பர் 2-இல் ஹாட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதில் "சரண்" என்ற சொல் இல்லை. ஆயுதங்களை அவர்களே அழித்துவிடுவதென முடிவாயிற்று. அரசாங்கம் கேட்ட அமைதி கிடைத்தது. மற்றவர் மானமும் நின்றது. இடையில் கழிந்தவை 34 ஆண்டுகள்!

இதில் நமக்கு என்ன பாடம்? கேமரன் மலையில் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் கடைகளுக்குத் தேயிலைத் தோட்டத் தமிழர் வருகிறார். காய்கறி பயிரிடும் சீனர், மலாய்க்காரர், பூர்வகுடிச் செமாய் மக்கள் வருகிறார்கள். வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளரும் வருகிறார்கள். பற்றுக் கணக்கில் பிணக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பாக்கியைக் கேட்பதோடு நில்லாமல், "நீ பொய்யன் என்று ஒப்புக்கொள்" என்று பத்துப்பேர் முன்னிலையில் கேட்கிறோம். பணமும் வருவதில்லை, உறவும் போகிறது. அவர் ஒருவர்மேல் எழுந்த கோபம் அவர் இனத்தார் அனைவர்மேலும் பாய்கிறது. அங்கேதான் ஆபத்து!

கடனை எழுதிச் சாட்சி வைக்குமாறு அல்பகரா அத்தியாயம் பணிக்கிறது. ஆகவே பொருள் கொடுக்கும்போதே தொகையை எழுதி, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டுவோம். பிணக்கு வந்தால் கடையை அடைத்தபின், இரு தரப்பும் நம்பும் ஒருவரை வைத்துப் பேசுவோம். தவறு நம்முடையதானால் முதலில் நாமே சொல்வோம்.

ஆனால், விட்டுக்கொடுப்பது வேறு, நீதியை விடுவது வேறு. பிணங்கிய இரு சாராரை நீதியோடு இணக்கப்படுத்தவே அல்ஹுஜுராத் அத்தியாயம் கற்பிக்கிறது. சொல்லில் தாழ்வோம், தராசில் தாழ வேண்டாம்.

அடுத்த பாக்கிதாரர் படியேறும்போது ஹுதைபிய்யாவை நினைப்போமாக. வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.