உப்பு மண்ணில் எர்த்

தூத்துக்குடியில் வீடு கட்டுகிறவர்கள் எர்த் போடும்போது ஜிஐ பைப்பா, காப்பரா என்றுதான் யோசிக்கிறார்கள். முதலில் கேட்கவேண்டியது வேறு: மெயின் பெட்டியில், மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா? கணக்கு எளிது. எர்த் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு அது நல்ல அளவு. மோட்டார் உடம்பில் 230 வோல்ட் இறங்கினால் மண்வழியே போவது அதிகபட்சம் 46 ஆம்பியர். மின்னோட்டம் அதிகமானால் துண்டிக்கும் 16 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை தேவை. 46 ஆம்பியருக்கு அது பல விநாடிகள் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் மோட்டாரைத் தொட்டவர் கதி? எர்த் 100 ஓம் ஆனாலும் ஆர்சிசிபி கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். கடற்கரை ஈரத்தில் அது அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது என்பார்கள். விழுகிறதென்றால் பெரும்பாலும் ஈரச் சுவரிலோ பழைய ஹீட்டரிலோ கசிவு இருக்கிறது. கசிவைத் தேடவேண்டுமே தவிர, கருவியைக் கழற்றக் கூடாது. ஓவர்லோடைப் பார்த்துக்கொள்ள எம்சிபியும் கூடவே இருக்கவேண்டும்.

இனி குழிக்கு வருவோம். உப்பளத்தை ஒட்டிய முள்ளக்காடு, முத்தையாபுரம் பக்கம் உப்பும் ஈரமும் ஏறிய மண்ணே மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அங்கே வழக்கத்துக்காக இன்னும் உப்பைக் கொட்டுவது இரும்பை அரிக்கத்தான் உதவும். போட்ட அன்று எந்தக் கம்பியும் நல்ல அளவு காட்டும் என்பதால், அங்கே ஆயுளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். ஜிஐ பைப் மலிவு, ஆனால் துத்தநாகப் பூச்சு போனதும் சீக்கிரம் கரையும். கனமான காப்பர் பூச்சுள்ள ராடு, சுற்றிலும் பெண்டோனைட் களிமண்: அந்த மண்ணுக்கு இதுவே என் தேர்வு. விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அரித்துப்போன பைப் மண்ணுக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. ஒரே எர்த்தில் ஜிஐயையும் காப்பரையும் சேர்த்துப் புதைத்தால் ஜிஐதான் முதலில் அரித்துப்போகும். குதிரைமொழித் தேரியின் காய்ந்த செம்மணலில் கதை நேர்மாறு. அங்கே தடைதான் சிக்கல். ஈரம் தட்டும் ஆழம்வரை இறக்குங்கள், அல்லது இடைவெளி விட்டு இரண்டு எர்த் போட்டு இணையுங்கள்.

அமெரிக்க வீடியோக்களில் மெயின் பெட்டியிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைப்பார்கள். இங்கே அதைச் செய்யாதீர்கள்: தெருவில் நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜ் உடம்பிலேயே மின்சாரம் ஏறி நிற்கும். எர்த்தோடு சேரவேண்டியவை மோட்டார் உடம்பும் இரும்புக் குழாய்களும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எர்த்தைக் கோடையில் அளக்கச் சொல்லுங்கள். மழைக்கால அளவை நம்பவேண்டாம்.