நூற்றுக்கு மூன்று வட்டி

அன்புள்ள வாசகருக்கு,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளிடம் குடும்பக் கடனைப் பற்றிப் பேசலாமா, படிக்கிற வயதில் அது பாரமாகிவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பேசுங்கள். தவணைக்காரர் வரும் நாளில் அம்மாவின் முகம் மாறுவதைக் கவனிக்காத பிள்ளை உண்டா? கடன் இருப்பது அவளுக்குத் தெரியும். கணக்குதான் தெரியாது.

பள்ளியில் கற்றுத் தருவதில்லையா என்றால், தருகிறார்கள். எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்திலேயே கூட்டுவட்டி வந்துவிடுகிறது. ஆனால் புத்தகத்தில் வட்டி ஆண்டுக்கு 8 சதவீதம், 10 சதவீதம். தெருவிலோ ‘நூத்துக்கு மூணு’. அது மாத வட்டி; ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கிக்காரர் 11 சதவீதம் என்றால் அதிகமாகத் தெரிகிறது, மூணு வட்டி குறைவாகத் தெரிகிறது. சூத்திரத்தைத் தலைகீழாக ஒப்பிக்கும் பிள்ளையும் இந்த இடத்தில் ஏமாறும்.

தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய் கடன், 1,500 பிடித்தம் போகக் கையில் 8,500. தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ‘1,500 தானே வட்டி’ என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம். சந்தையில் கடை போடும் எத்தனையோ குடும்பங்கள் இதில்தான் ஓடுகின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டாமல் வேறு எதைக் காட்டப் போகிறோம்?

பங்குச் சந்தையைப் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும் என்று இப்போது பலர் பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மாதக் கடைசியில் மிச்சமே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு முதலில் தேவை கடனைப் படிக்கத் தெரிவது. அடுத்தது சேமிப்பு. பத்து வயது நிரம்பினால் அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே கணக்கு தொடங்கித் தானே நடத்தலாம். 500 ரூபாய் போதும். சஞ்சாயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டம் நடந்த காலத்துப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு, சொந்தப் பெயர் எழுதிய சேமிப்புப் புத்தகம் தந்த பெருமிதம் நினைவிருக்கும்.

கைபேசியைப் பற்றி ஒன்றே ஒன்று: யுபிஐயில் பணம் வாங்க ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. ‘பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் அவர் திருடர். பிள்ளைக்குச் சொல்லும்போது பாட்டிக்கும் சொல்லிவிடுங்கள்.

அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை முடித்துக் கல்லூரி சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். அதற்குள் அவள் கணக்குப் பார்க்கப் பழகியிருக்க வேண்டும். எனவே இந்த ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் குறிப்பிட்ட நகைக்கடன் ரசீதை அவளிடமே கொடுங்கள். வட்டி விகிதம் எவ்வளவு, கெடு என்றைக்கு, இன்று மீட்டால் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அவளே எழுதட்டும். பிறகு இருவரும் வங்கிக்குப் போய் அந்தத் தொகை சரிதானா என்று கேளுங்கள். கேள்வியை அவளே கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்