உப்புக்காற்றில் ஓடும் செயின்

விடிகாலையில் கிள்ளைப் பக்கத்து முடசல்ஓடையிலிருந்து மீன்பெட்டியோடு கிளம்பும் எக்ஸ்எல் வண்டியைப் பின்னாலிருந்து பாருங்கள். பெட்டிக்குள் உருகும் ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பின்சக்கரத்தில் வடியும். சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் செயின் உப்பில் ஊறிவிடும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, உப்பங்கழியை ஒட்டிய கிள்ளையில் செயினைத் தின்பது கிலோமீட்டர் மட்டுமல்ல, உப்பும் மணலும்தான். ஆனால் நாம் நம்புவது வேறு.

நம்பிக்கை: ஓட ஓட இரும்பு இழுபட்டுச் செயின் நீளும்.

உண்மை: இரும்பு இழுபடுவதில்லை, தேய்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ். இந்த இரண்டும் உரசித் தலா 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், 100 கண்ணியில் செயின் 10 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். இதை அளந்தே பார்க்கலாம். பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளின் செயினில் ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டர். புதிதில் 20 கண்ணி 254 மில்லிமீட்டர் இருக்கும். செயினை இழுத்துப் பிடித்து அளந்து, 259-ஐத் தொட்டிருந்தால் அதற்கு ஓய்வு கொடுங்கள்.

நம்பிக்கை: செயின் எவ்வளவு டைட்டோ அவ்வளவு நல்லது.

உண்மை: ஆள் ஏறி, பாரமும் ஏறி, வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பின்சக்கரம் மேலே எழும்; செயின் இன்னும் இறுகும். அதற்கு இடம் விடாவிட்டால் எஞ்சின் பக்கத்து பேரிங்கும் சக்கர பேரிங்கும் அடிவாங்கும். சிறிய வண்டிகள் பலவற்றில், கீழ்ச்செயினின் நடுவே விரலால் தூக்கினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். சரியான அளவு உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். அதிகம் இறுகியிருக்கும் இடத்தை வைத்தே அளவு வையுங்கள்.

நம்பிக்கை: செயினில் தண்ணீரே படக்கூடாது.

உண்மை: உப்புத் தண்ணீர்தான் படக்கூடாது. காய்ந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, நின்ற வண்டியிலும் துருவை வளர்க்கும். நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, உலர்ந்ததும் ஆயில் விடுங்கள். உங்கள் தெரு போர் தண்ணீர் கரிக்குமானால் அது வேண்டாம். பிசுக்குக்கு மண்ணெண்ணெயும் பிரஷும் போதும். ஓ-ரிங் உள்ள செயினுக்குப் பெட்ரோல் கூடாது, ரப்பர் கெட்டுவிடும்.

நம்பிக்கை: வேஸ்ட் ஆயிலோ கிரீஸோ அப்பினால் போதும்.

உண்மை: வேஸ்ட் ஆயிலில் எஞ்சினின் இரும்புத்தூள் கலந்திருக்கும். கிரீஸ் பின்னுக்குள் இறங்காது; வெளியே நின்று மணலைப் பிடித்துக்கொள்ளும், உப்புத்தாள் கட்டிவிட்ட மாதிரி. 90 கியர் ஆயிலைச் செயினின் உட்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு மட்டும் இதைச் செய்யாதீர்கள். துணி சிக்கினால் விரல் போய்விடும். எஞ்சினை அணைத்து, கியர் வண்டியானால் நியூட்ரலில் போட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள்.

நம்பிக்கை: இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒத்திருந்தால் சக்கரம் நேர்.

உண்மை: கோடு ஒரு தொடக்கம்தான். துரு ஏறிய அட்ஜஸ்டரில் கோடு ஒன்றைச் சொல்லும், சக்கரம் வேறொன்றைச் செய்யும். பின்னால் குனிந்து, செயினை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். பல்சக்கரத்திலிருந்து முன்பக்கம் வரை வளையாமல் போக வேண்டும். பல்சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் பளபளவெனத் தேய்ந்திருந்தால் சக்கரம் கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். ஆக்சில் நட்டை முறுக்கிய பிறகு ஆட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். முறுக்கும்போது அளவு மாறிவிடும்.

நம்பிக்கை: செயினை மட்டும் மாற்றினால் செலவு மிச்சம்.

உண்மை: கொக்கிபோல் வளைந்த பழைய பல், புதுச் செயினையும் சீக்கிரம் தேய்க்கும். முன், பின் பல்சக்கரங்களோடு செட்டாக மாற்றுவதே மலிவு.

கடைசியாக ஒன்று. மீன் இறக்கியதும் பெட்டியைக் கழுவாமல் யாரும் விடுவதில்லை. அந்த வாளியில் இரண்டு குவளை நல்ல தண்ணீரைச் செயினுக்கும் ஒதுக்குங்கள். பெட்டிக்கு அடியில் ஒரு பழைய ரப்பர் ஷீட்டை விரித்துவிட்டால், மறுநாள் அந்தச் சொட்டும் செயினில் விழாது.